ஆதரவு முடிந்த இயங்குதளமும் நம் சங்கத்துக் கணக்கும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குத் தாம் அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் நிறுத்திக்கொண்டனர். மறுநாட் காலையில் நெடுங்காட்டிலோ, திருநள்ளாற்றிலோ, கோட்டுச்சேரியிலோ ஒரு சங்க அலுவலகத்தைத் திறந்து கணிப்பொறியை முடுக்கியவர் யாதொரு வேறுபாட்டையும் கண்டிருக்க மாட்டார். திரை வழக்கம்போல் ஒளிர்ந்திருக்கும்; கடன் பாக்கிக்கு வட்டி சரியாகவே கணக்கிடப்பட்டிருக்கும்; பாஸ் புத்தகத்தில் வரவும் பற்றும் பிசகின்றி அச்சாகியிருக்கும். ஆகவே ஒன்றும் நிகழவில்லை என்று முடிவு கட்டுவது இயல்பே. அம்முடிவு எவ்வளவு தூரம் சரி, எவ்விடத்தில் பிழை என்பதை ஆராய்வதே இம்மாதப் பாடம்.

‘இது காரியதரிசியும் எழுத்தரும் கவனிக்க வேண்டிய விஷயமாயிற்றே, அங்கத்தினராகிய நமக்கு இதில் என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். நம்முடைய பங்குத்தொகை எவ்வளவு, சிக்கனச் சேமிப்பில் சேர்ந்திருப்பது எவ்வளவு, அடகு வைத்த நகையின் எடை என்ன, எத்தனை மா நிலத்துக்குப் பயிர்க்கடன் வாங்கினோம், எத்தனை கட்டு நூல் பெற்று எத்தனை புடவை நெய்து கொடுத்தோம், கூலி பாக்கி யாது என்பன எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டி சங்கத்தின் சொத்து. உள்ளே இருப்பதோ நம் ஒவ்வொருவருடைய பாத்தியதை. எனவே பொதுக்குழுவில் இதைப்பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேள்வி கேட்பதற்கு வேண்டிய அளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டியதும் அவசியம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறியில் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று. கடிதம் தட்டும் மென்பொருள் மற்றொன்று. வங்கியின் தளத்தைத் திறந்து காட்டும் உலாவி வேறொன்று. இவை யாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, விசைப்பலகையில் தட்டுவதை வாங்குவதும், வட்டில் எழுதி வைப்பதும், அச்சுப்பொறிக்குக் கட்டளை அனுப்புவதும், வெளியுலகத்தோடு இணைக்கும் கம்பிவழியே வருவோர் போவோரைக் கவனிப்பதும் ஆகிய காரியங்களைச் செய்வது இயங்குதளம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஆங்கிலத்தில் வழங்குவர். விண்டோஸ் அவ்வகையில் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று, நம் கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டும் அதுவே.

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. 120 கொக்கி ஜக்கார்டுப் பெட்டிக்கு வெட்டிய அட்டையை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டி அதே கரையை நெய்துவிட முடியாது. அட்டையில் தவறில்லை; பெட்டியிலும் தவறில்லை; ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. மென்பொருளும் அவ்வாறே ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தைக் கருதி ஆக்கப்படுகிறது. துளையிட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் முறையே, 1804ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு அமைத்த தறியிலிருந்து பிற்காலத்துக் கணிப்பொறிக்குச் சென்றது. இவ்விஷயத்தில் நெசவாளர்கள் கணிப்பொறிக்காரருக்கு மூத்தவர்கள் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

நின்றுபோனது எது?

ஆதரவு என்றால், தொலைபேசியில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வது என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது சிறு பகுதியே. பெரும் பகுதி பழுது பார்ப்பது. ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகளில் கட்டளைகள் எழுதப்பட்டுள்ளன. இவ்வளவு பெரிய எழுத்தில் பிழை இல்லாதிருக்காது. பிழைகளிற் சில, வெளியாள் ஒருவன் கம்பிவழியே உள்ளே நுழைய இடந்தரும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. அவை தெரியவரும்போதெல்லாம் அடைப்புக் கட்டளைகளை எழுதி அனுப்புவதே ஆதரவின் சாரம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் இவற்றை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் தேதி. பத்தாண்டுகளுக்கு மேல் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த இந்த அடைப்பு நின்றுபோயிற்று. இயந்திரம் நிற்கவில்லை.

‘பத்தாண்டு ஓடிய பிறகும் புதிய ஓட்டை எங்கிருந்து வருகிறது? இருந்ததெல்லாம் அடைபட்டிருக்குமே!’ என்று கேட்பது நியாயமான கேள்வி. விவசாயிகள் இதற்கு விடையை வயலிலேயே கண்டிருக்கின்றனர். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் ஐ.ஆர்.26 என்ற நெல்லை வெளியிட்டனர். புகையான் பூச்சியைத் தாங்கி நிற்கும் என்பது அதன் சிறப்பு. தாங்கியும் நின்றது. ஆயின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேஷியாவிலும் அந்நெல்லையே தின்னும் புகையான் வகை பெருகிவிட்டது. 1976இல் வேறு எதிர்ப்புக் குணம் கொண்ட ஐ.ஆர்.36 வந்து அதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஐ.ஆர்.26 விதையில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை. முளைப்புத் திறன் குறையவில்லை. மாறியது பூச்சி. பழைய இயங்குதளத்தின் நிலைமையும் இதுவே. இயந்திரம் தேய்ந்துவிடவில்லை, திருடன் புதிதாகக் கற்றுக்கொண்டான்.

இதிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 11ம் விண்டோஸ் 10ம் பெரும்பாலும் ஒரே எழுத்திலிருந்து வளர்ந்தவை. புதியதில் ஓர் ஓட்டையைக் கண்டு அடைத்தால், அதே ஓட்டை பழையதிலும் இருப்பதற்குப் பெரிதும் இடமுண்டு. அடைப்பு வெளியான அன்றே, அடைப்பதற்கு முன்பிருந்த எழுத்தையும் பின்பிருக்கும் எழுத்தையும் ஒப்பிட்டு எங்கே ஓட்டை இருந்தது என்பதைக் கெட்டிக்காரத் திருடர்கள் கண்டுகொள்கின்றனர். ஆக, புதிய இயந்திரத்துக்கு அனுப்பப்படும் மருந்துச் சீட்டே பழைய இயந்திரத்தின் நோயைத் திருடனுக்கு அறிவித்துவிடுகிறது. ஆதரவு முடிந்த நாளிலிருந்து மாதந்தோறும் ஆபத்து கூடிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். முதல் மாதத்தில் ஒன்றும் நேரவில்லை என்பது பன்னிரண்டாம் மாதத்துக்கு ஜாமீன் ஆகாது.

2017இல் நடந்தது

விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளம் 2001 அக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8ஆம் தேதி ஆதரவை இழந்தது. இந்தியாவில் எத்தனையோ அலுவலகங்களிலும் பணம் வழங்கும் ஏ.டி.எம். இயந்திரங்களிலும் அது அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. 2017 மார்ச் 14ஆம் தேதி, விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அடைப்பு வெளியிட்டனர். ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும். மே 12ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்ற நாசகார மென்பொருள் அதே ஓட்டைவழியே புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பிடித்துக்கொண்டது. உள்ளிருந்த கோப்புகளையெல்லாம் ரகசிய எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் அறிவித்தது. யாரும் ஒரு கடிதத்தைத் திறக்க வேண்டுமென்ற அவசியமில்லை. ஒரே வலையில் இணைந்திருந்தால் போதும். வாய்க்கால்வழி நீர் பாய்வதுபோல் ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தானே சென்றது.

இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகள் பல தத்தளித்தன. 19,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறையினர் மதிப்பிட்டனர். நம் தேசத்தில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணிப்பொறிகள் அகப்பட்டன. கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தின் கணிப்பொறிகளும் அகப்பட்டன. வயநாட்டு மலைக்கிராமத்துப் பஞ்சாயத்தின் மீது எவருக்கும் பகை இருக்க நியாயமில்லை. ‘நெடுங்காட்டுச் சங்கத்தை எவன் தேடி வரப்போகிறான்?’ என்று அலட்சியமாய்ச் சொல்வோருக்கு அந்தப் பஞ்சாயத்தே பதில். தேடி வருவதில்லை, திறந்திருக்கும் கதவெல்லாம் ஒன்றே.

மறுநாள், மே 13ஆம் தேதி, மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் விசேஷமாக ஓர் அடைப்பை இலவசமாக வெளியிட்டனர். ஆனால் வழக்கு முழுவதையும் எக்ஸ்பி மீது சுமத்துவது தவறு. அன்று அகப்பட்ட இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 ஓடியவை என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். இரண்டு மாதத்துக்கு முன்பே மருந்து வந்திருந்தும் அவற்றில் அது இடப்படவில்லை. இதை நாம் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிய கணிப்பொறி வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைத்து, ‘புதுப்பிக்கவா?’ என்று அது கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் அலுவலகமும், ஆதரவற்ற பழைய கணிப்பொறியை வைத்திருக்கும் அலுவலகமும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் உள்ளன. செலவழித்தது மட்டும் வேறு.

பிறர் நம்மை விலக்குதல்

ஆபத்து உள்ளே வருவது ஒரு பக்கம். வெளியிலிருப்போர் நம்மோடு பேச மறுப்பது மற்றொரு பக்கம். அன்றாட வேலையை முதலில் நிறுத்துவது பெரும்பாலும் இதுவே.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் ஆதரவு முடிந்தது. 2023 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தாரின் குரோம் உலாவியும் அதற்குப் புதுப்பிப்பு வழங்குவதை நிறுத்தியது. உலாவி பழையதாகிவிட்டால், வங்கித் தளங்களும் அரசாங்கத் தளங்களும் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். கைப்பேசியிலும் இதே கதைதான். 2017இல் மலிவு விலைக்கு வந்து கிராமங்களில் பரவிய பொத்தான் கைப்பேசிகளில் காய் ஓ.எஸ். என்ற இயங்குதளம் இருந்தது. வாட்ஸ்அப் செயலியை அவற்றில் புதிதாக நிறுவிக்கொள்வது 2024இல் நிறுத்தப்பட்டது. கைப்பேசி பழுதாகவில்லை, பேசுவதற்கு இன்றும் உதவும்.

பெரிய ஸ்தாபனங்கள் தாமாக மாறாதபோது மேலதிகாரிகள் கெடு விதிக்கின்றனர். ரிசர்வ் வங்கியார் 2018 ஜூன் 21ஆம் தேதி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினர். ஏ.டி.எம். இயந்திரங்களில் ஆதரவு முடிந்த இயங்குதளம் இருக்கலாகாது. 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் அரைப் பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் முழுவதும் மாற்றப்பட வேண்டும் என்பது அதிலிருந்த நிபந்தனைகளில் ஒன்று. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்து நான்காண்டுகள் கழித்து வந்த உத்தரவு இது. தாமதந்தான். ஆனால் படிப்படியாகக் கெடு வைத்த முறை நல்ல முறை. சிறிய சங்கங்களும் பின்பற்றத் தக்கது.

2024 ஜூலை மாத முடிவில் நேர்ந்த வேறொரு நிகழ்ச்சியைக் கூட்டுறவாளர் மறக்கலாகாது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்ப சேவை அளித்துவந்த சி-எட்ஜ் நிறுவனத்தில் மிரட்டிப் பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்ததாக ஐயம் ஏற்பட்டது. உடனே தேசிய பணவழங்கல் கழகத்தார் அந்நிறுவனத்தைப் பொது வலையிலிருந்து தனிமைப்படுத்தினர். ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவும் யு.பி.ஐ. வழியே அனுப்பவும் இயலாமல் நின்றனர். ஆகஸ்டு 1ஆம் தேதி இணைப்பு மீண்டும் தரப்பட்டது. பழைய இயங்குதளம் அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஓரிடத்தில் கரை உடைந்தால் மதகை இறக்கிக் கடைமடைக்குத் தண்ணீரை நிறுத்துவதுபோல, ஐயம் தோன்றிய மாத்திரத்தில் நம்மைப் போன்ற சிறியோரை வலையிலிருந்து அறுத்துவிடுவார்கள் என்பதே அதிலிருந்து நாம் அறிய வேண்டுவது. கடைமடையில் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதைக் காரைக்கால் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிறுத்துவது நியாயமா?

ஒவ்வொரு பழைய பதிப்பையும் என்றென்றும் பழுது பார்த்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஆட்கள் வேண்டும். ஒவ்வோர் அடைப்பையும் பலவகை இயந்திரங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். லாப நோக்கமின்றித் தொண்டர்கள் ஆக்கும் லினக்ஸ் வகைகளும் பழையதைக் கைவிடத்தான் செய்கின்றன. டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ், 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பிலிருந்து பழைய 32 பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆகவே நிறுத்துவதே சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது.

முன்கூட்டி நாள் குறித்து, இடைக்காலம் தந்து நிறுத்துவதே முறை. காரைக்கால் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1957 ஏப்ரல் 1 முதல், நயா பைசா நாணயம் வந்து சேர்ந்தது. அணாவும் நயா பைசாவும் சில ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் செல்லுபடியாயின. அதன் பிறகே அணா விடைபெற்றது. 2011 ஜூன் 30க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாவென்று முன்னறிவிப்போடு சொல்லப்பட்டது. விண்டோஸ் 10இன் கடைசி நாளும் பல்லாண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதுதான். அவ்வகையில் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அணாவைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அதன் மதிப்புக்குப் பைசா கிடைத்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர் விண்டோஸ் 11க்குப் பணமின்றி மாறலாம் என்று சொல்லப்பட்டபோதிலும், அதற்கு இயந்திரம் தகுதியுடையதாக இருக்க வேண்டும்: டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். சிப்பமும் ஏறக்குறைய 2018க்குப் பின் வந்த வகையாக இருத்தல் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 2016ஆம் ஆண்டுக் கணிப்பொறிக்கு அதில் இடமில்லை. இக்காரணத்தால் உலகில் 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தார் 2023இல் மதிப்பிட்டனர். பாதுகாப்புச் சில்லு நல்லதே என்றாலும், பத்து வருஷம் உழைக்கும் இயந்திரத்தை ஏழெட்டு வருஷத்தில் தள்ளச் செய்வதன் செலவு, அதைத் தீர்மானித்தவர் தலையில் விழாமல் வாங்கியவர் தலையில் விழுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

பணம் கட்டினால் கால நீட்டிப்பு உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவருக்கு, 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக்கு 30 டாலர், அல்லது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இலவசம் என்று 2025இல் அறிவித்தனர். ஸ்தாபனங்களுக்கோ கணிப்பொறி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாமாண்டு 122, மூன்றாமாண்டு 244. ஆக மூன்றாண்டுக்கு 427 டாலர். சங்கம் ஸ்தாபனமாகையால், சொந்த உபயோகத்துக்கான சலுகையில் அது சேராது. மூன்றாண்டுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் நல்லதொரு கணிப்பொறியின் விலையை நெருங்கிவிடும். ஓராண்டு அவகாசம் வாங்குவதற்கு இது உதவலாம், அதற்குமேல் உசிதமன்று.

இங்கே கூட்டுறவாளர் கவனிக்கத் தக்க ஒரு செய்தி. ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் ஒன்றுகூடி இந்நிபந்தனைகளை எதிர்த்து எழுதின. அதன் பயனாக 2025 செப்டம்பரில், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து நுகர்வோருக்கு மட்டும் அந்த ஓராண்டு நீட்டிப்பைக் கட்டணமின்றித் தர மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் இசைந்தனர். அதே மென்பொருள், அதே ஓட்டை, கேட்டவருக்குக் கிடைத்தது.

மாறுவதில் உள்ள சங்கடங்கள்

சங்கங்கள் பழைய இயந்திரத்தை விடாதிருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. நெடுங்காலமாகப் பல அலுவலகங்களில் கணக்கு எழுதப்பட்டது பாக்ஸ்புரோ போன்ற டாஸ் காலத்து மென்பொருளில். எழுதிக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போயிருப்பார். பாக்ஸ்புரோவின் பிற்காலப் பதிப்புக்கும் 2015 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய டாஸ் மென்பொருள் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட். ஆகவே கணிப்பொறியை மாற்றுவது என்றால் கணக்குப் புத்தகத்தையே மாற்றுவது என்றாகிறது. எந்தக் காரியதரிசிதான் தயங்க மாட்டார்?

ஆனால் உள்ளே சிறைப்பட்ட கணக்கை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது. பாக்ஸ்புரோ தன் பட்டியல்களை டி.பி.எஃப். என்ற வகைக் கோப்புகளில் வைக்கிறது. லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாள் அவற்றைத் திறந்து காட்டும். அங்கிருந்து எந்தப் புதிய மென்பொருளும் படிக்கக்கூடிய சாதாரண வடிவத்தில் சேமித்துக்கொள்ளலாம். டாஸ்பாக்ஸ் என்ற மற்றொரு இலவச மென்பொருள், பழைய டாஸ் இயந்திரத்தைப்போல் புதிய இயந்திரத்தைப் பாவனை செய்யச் செய்யும். பழைய அறிக்கையொன்றை எடுத்துப் பார்க்க அது போதும். தினசரி வரவு செலவை அதிலேயே எழுதிக்கொண்டிருப்பது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

தமிழ் எழுத்து இன்னொரு சங்கடம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்கும் வரையில் வானவில், பாமினி முதலான பல எழுத்துருக்கள் வழங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியீடு. தீர்மானப் புத்தகமும் அங்கத்தினர் ஜாபிதாவும் அவ்வகை எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், அவ்வெழுத்துரு இல்லாத புதிய இயந்திரத்தில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். அழிந்துபோயிற்று என்று எண்ணிக் கோப்பை நீக்கிவிடலாகாது. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கத்தினர்களை அறிந்த பழைய எழுத்தர் ஒருவர் உட்காருவதே சிறந்தது.

மூன்றாவது, அச்சுப்பொறி. பாஸ் புத்தகம் அச்சிடும் புள்ளி அச்சுப்பொறிகள் முப்பதாண்டும் உழைக்கும். அவற்றின் அகன்ற பழைய செருகுவாய் புதிய கணிப்பொறிகளில் இருப்பதில்லை. இணைப்புக் கம்பி ஒன்றை வாங்குமுன், அது நம் அச்சுப்பொறியோடு வேலை செய்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துவிடுவது நலம்.

சங்கம் செய்யக்கூடியது

ஜடப்பொருள் பதிவேட்டில் கணிப்பொறி வாங்கிய தேதியும் விலையும் எழுதுகிறோம். அதன் பக்கத்திலேயே இயங்குதளத்தின் பெயர், அதன் ஆதரவு முடியும் தேதி என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துவிட்டால், தணிக்கையாளர் வரும்போதெல்லாம் அது கண்ணில் படும். கணிப்பொறிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். அது ஏட்டில் எழுதும் எண்ணே தவிரப் பெட்டியில் சேரும் பணமன்று. அத்தொகைக்கு ஈடாக ஒரு தனி வைப்பில் பணம் போட்டுவரப் பொதுக்குழு தீர்மானித்தால், கெடு வரும் ஆண்டில் கைமாற்றுத் தேட வேண்டியிராது.

விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் லினக்ஸை யோசிக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டனர். தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்காகவே அமைந்தது அது. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014இல், அதற்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது. உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் பலவற்றை, கணிப்பொறியில் நிறுவாமலே யு.எஸ்.பி. குச்சியிலிருந்து ஓட்டிப் பார்த்துவிடலாம். அச்சுப்பொறி அசைகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, எழுத்தரின் கைக்குப் பழகுகிறதா என்பதை ஒரு வாரத்தில் கண்டுகொள்ளலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருக்கும் சங்கத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் போக்கு மாறிக்கொண்டு வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29இல் ஒப்புதல் அளித்தது. அதில் வகுக்கப்பட்டது யாவருக்கும் பொதுவான, வலைவழி இயங்கும் மென்பொருள். கணக்கு தொலைவில் இருந்து, உலாவிவழியே எழுதப்படுமானால், நம் மேசைமீது இருப்பது எந்த இயங்குதளம் என்ற கேள்வியின் கனம் பாதி குறையும். ஆதரவில் உள்ளதா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

எந்த வழியில் மாறினாலும், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் குறைந்தது இரண்டு மாதம் இணையாக எழுதி, மாத முடிவில் இருப்புச் சோதனையை ஒப்பிட வேண்டும். மார்ச் 31இல் தணிக்கையான இருப்புக்கும், புதிய மென்பொருளில் ஏற்றிய தொடக்க இருப்புக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் மேலே செல்லலாகாது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து இருப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் நாள் ஒன்றையும் குறிக்கலாம். கூட்டம் வரும், வேலை கெடும் என்று எழுத்தர்கள் முணுமுணுக்கக்கூடும். அந்த ஒரு நாள் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

பழைய கணிப்பொறியை விற்றுவிடவோ உடைத்துவிடவோ அவசரப்பட வேண்டாம். உள்ளிருப்பதை இரண்டு தனி வட்டுகளில் படியெடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைத்த பிறகு, பழைய வழக்கு ஒன்றுக்கோ வாரிசுக் கோரிக்கைக்கோ கணக்குப் பார்ப்பதற்காக அதை மூலையில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். வலையோடு இணைப்பு மட்டும் இருக்கலாகாது. இணைப்புக் கம்பியை உருவிச் சுருட்டி அலமாரியில் பூட்டிவிடுவதே சரி. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், என்றாவது ஒரு நாள் நல்லெண்ணத்தோடே யாரேனும் அதைச் செருகிவிடுவார்கள்.